அஜந்தா வர்ணமும் ஏகாம்பரநாதர் தாலியும்

காஞ்சியிலிருந்து ஓர் இளைஞன் ஓலை ஒன்றை எடுத்துக்கொண்டு வடக்கே குதிரையில் கிளம்புகிறான். ஒரு வர்ணக் கலவையின் ரகசியம் கேட்டு எழுதிய ஓலை என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அஜந்தா குகைகளில் தீட்டிய சித்திரங்கள் நூற்றாண்டுகள் கடந்தும் மங்காமல் இருக்கின்றனவாம். அந்தச் சாயத்தை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் காட்டுக்குள் ஒரு சிற்பி தூக்கம் கெட்டுக் கிடக்கிறார். பையன் பாதி வழி போன பிறகுதான் நமக்குத் தெரிகிறது, ஓலையில் வர்ணமும் இல்லை, சித்திரமும் இல்லை. வாதாபி மன்னன் புலிகேசியைக் காஞ்சிமேல் படையெடுத்து வரச்சொல்லி ஒரு புத்த பிக்ஷு எழுதிய ஓலை அது.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நகரத் தொடங்குவது இந்த ஓலையிலிருந்துதான். யாரோ ஒரு கலைஞனுக்கு ஒரு நிறத்தின்மேல் ஆசை. அந்த ஆசையைக் குதிரையாக்கிக்கொண்டு ஒரு யுத்தம் ஊருக்குள் வருகிறது. அரியணைக்கு யார் என்ற கேள்வி நாவலில் எங்கேயும் கிடையாது. சரித்திர நாவல் என்றாலே வாரிசுச் சண்டை என்று பழகிய நமக்கு இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்று முதல் வாசிப்பில் உறைப்பதில்லை. எனக்கும் இரண்டாவது வாசிப்பில்தான் உறைத்தது.

நான் மங்கலம்பேட்டைக்காரன். உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில், பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறந்துபோகிற ஊர். இங்கே கல்கி என்றால் கோடை விடுமுறை. பத்தாவது பரீட்சை முடிந்ததும் ‘பொன்னியின் செல்வன்’, அது தீர்ந்துபோன ஏக்கத்தில் ‘சிவகாமியின் சபதம்’. பிறகு சிற்றிதழ் இலக்கியம் பக்கம் வந்தவுடன் இரண்டையும் பரணில் போட்டுவிட்டு, “அதெல்லாம் சின்ன வயசுல படிச்சதுங்க” என்று சொல்லக் கற்றுக்கொள்வோம். போன வருஷம் சிதம்பரத்தில் கரணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்த கையோடு நாவலை மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை வாள் சத்தத்தையெல்லாம் தாண்டி வேறொன்று கேட்டது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மாறுவேடம் அளவுக்கு மீறி இருக்கிறது. மகேந்திர பல்லவர் வஜ்ரபாகுவாக வருவதை வாசகன் கண்டுபிடித்து வெகுநேரம் கழித்துத்தான் பாத்திரங்கள் கண்டுபிடிக்கின்றன. வாராவாரம் கொக்கி போட்டே தீரவேண்டிய தொடர்கதையின் மூச்சிரைப்பு நாலு பாகத்திலும் கேட்கிறது. பிக்ஷு, காபாலிகை என்று மாற்றுச் சமயத்தாரிடமே வில்லத்தனத்தை ஒப்படைப்பதும் இன்றைக்கு நெருடுகிறது. இவ்வளவையும் தாண்டி அந்த நாவலுக்குள் ஒரு நிஜமான கேள்வி உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் கலையை நேசிக்கிறார்கள், சரி, அப்புறம் கலைஞருக்கு என்ன ஆகிறது?

கதை பிறந்ததே கற்களைப் பார்த்துத்தான். ரசிகமணி டி.கே.சி.யோடு மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு பொழுதிலிருந்து கதை உதித்ததாகக் கல்கியே எழுதியிருக்கிறார். 1944 ஜனவரியிலிருந்து 1946 ஜூன் வரை ‘கல்கி’ வார இதழில் அது தொடராக வந்தது. உலகப்போரின் கடைசிக் காலமும் அதன் பிறகான பஞ்ச காலமும் அது. அப்போது இந்தியாவில் படித்தவர்கள் எல்லோருக்கும் அஜந்தா மயக்கம் இருந்தது. 1819-இல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரியின் கண்ணில் பட்டதிலிருந்து அந்தக் குகைகளைப் பிரதி எடுக்க ஆள் மாற்றி ஆள் முயன்றார்கள். ராபர்ட் கில் வருஷக்கணக்காக வரைந்த பிரதிகளில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் படிகமாளிகைத் தீயில் போயின. அடுத்து ஜான் கிரிஃபித்ஸும் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களும் எடுத்த பிரதிகளில் பலவும் 1885-இல் லண்டனில் இன்னொரு தீயில் எரிந்தன. பிறகு ஹெரிங்ஹாம் சீமாட்டி வந்தார். கூடவே நந்தலால் போஸ் போன்ற வங்க இளைஞர்கள். அஜந்தா அப்படித்தான் தேசியக் கனவாக ஆனது. ஆயனச் சிற்பியின் ஏக்கம் ஏழாம் நூற்றாண்டுக்காரனுடையதைவிட 1930-களின் இந்திய ஓவியனுடைய ஏக்கம்.

அந்த ரகசியம்தான் என்ன? ரகசியமே இல்லை. செங்காவி, மஞ்சள் காவி, ஒருவகைப் பச்சைமண், விளக்குப் புகைக்கரி, சுண்ணாம்பு வெள்ளை. உமியும் நாரும் பிசைந்த மண்சாந்தைச் சுவரில் பூசி, அதன்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுத்து, அது காய்ந்த பிறகு பசைகூட்டி வரைந்திருக்கிறார்கள். நீலம் மட்டும் லாபிஸ் லாஜுலி என்கிற நீலக்கல்லை அரைத்து எடுத்தது. அது இந்தப் பக்கத்துக் கல் இல்லை. மங்காத வர்ணம் என்பதும் பாதி உண்மைதான். 1920-களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் பாதுகாப்புக்கென்று பூசிய மெழுகெண்ணெய், காலப்போக்கில் மஞ்சளித்துப் படங்களையே மறைக்கத் தொடங்கிவிட்டது. காப்பாற்றப் போனவர்களின் கைவேலை.

சரித்திரமும் கல்கியின் காலடியிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அஜந்தா முதல் குகையில் வெளிநாட்டார் வந்து நிற்கும் காட்சி ஒன்று உண்டு. புலிகேசி பாரசீகத் தூதரை வரவேற்பதுதான் அது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஃபெர்குசன் சொன்னதைக் கல்கியின் தலைமுறை பாடமாகவே படித்தது. இப்போது ஆய்வாளர்கள் அந்தக் குகையை ஐந்தாம் நூற்றாண்டுக்கு, வாகாடக மன்னன் ஹரிசேனன் காலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புலிகேசியின் கொள்ளுத்தாத்தாகூட அந்தச் சுவரில் இருக்க வழியில்லை. சித்தன்னவாசல் ஓவியமும் அப்படியே. மகேந்திரவர்மன் வரையச் செய்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அங்கே கிடைத்த கல்வெட்டு, இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், திருப்பணி செய்ததைச் சொல்கிறது.

ஆனால் மகேந்திரவர்மன் விஷயத்தில் கல்கிக்கு அதிகம் கற்பனை தேவைப்படவில்லை. எங்கள் பக்கத்தில் விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் இந்தக் கோயிலைச் செய்வித்தேன் என்று அங்கே ஒரு ராஜா பாறையில் வெட்டிவைத்திருக்கிறான். எது எதெல்லாம் இல்லாமல் செய்தேன் என்று பெருமை அடிக்கிற கல்வெட்டு. தன் பெயராக அதில் விசித்திரசித்தன் என்று போட்டுக்கொள்கிறான். இன்னோர் இடத்தில் மத்தவிலாசன், இன்னோர் இடத்தில் சித்திரகாரப்புலி. குடித்துவிட்டு மண்டையோட்டைத் தொலைத்த காபாலிகனை வைத்து ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று கேலி நாடகம் எழுதிய அரசன் இவன். எதிரி நாட்டுப் பாசறைக்கே இவனை மாறுவேஷத்தில் அனுப்பலாம் என்று கல்கிக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

அதே மகேந்திரனுக்கு எங்கள் ஜில்லாவில் இன்னொரு முகமும் உண்டு. திருநாவுக்கரசரால் சைவனான பிறகு, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து அந்தக் கல்லைக்கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். குணபரன் அவனுடைய பட்டப்பெயர்தான். கலை ரசிகனான ராஜா இன்னொரு மதத்தின் கட்டடத்தை இடித்த கதை நாவலில் இல்லை. கல்கிக்கு அவன் பூரண ரசிகன்.

சரி, சிவகாமிக்கு வருவோம். ஆயனர் மகள். அப்பா உளியோடு நிற்க, மகள் ஆடி ஆடி அபிநயத்தில் உறைகிறாள். அதைப் பார்த்து அவர் கல்லில் செதுக்குகிறார். காஞ்சியில் மகேந்திரர் முன்னால் அவளுடைய அரங்கேற்றம் நடக்கிறது. நடுவிலேயே யுத்தச் செய்தி வந்து சபை கலைகிறது. முடியாமல் நின்றுபோன அந்த ஆட்டத்தைத்தான் மீதிக் கதை முழுக்க அவள் சுமக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவளைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள். அப்பாவுக்கு அவள் சிற்பத்துக்கு மாதிரி. மகேந்திரருக்கு நாட்டின் பொக்கிஷம், ஆனால் மகனுக்கு மனைவியாக வேண்டாம். மாமல்லருக்குக் காதலி, ஆனால் ராஜ்யம் முதலில். பிக்ஷு நாகநந்தி வில்லன்தான். இருந்தாலும் அவள் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நாவலில் அவன்தானோ என்று சந்தேகம் வருகிறது. இளமையில் அஜந்தாவில் வளர்ந்தவன். கண்ணால் சாப்பிடப் பழகியவன். அந்த ரசனைதான் அவனை அழிக்கிறது, ஊர்களையும் அழிக்கிறது. மூன்றாம் பாகத்துக்கே ‘பிக்ஷுவின் காதல்’ என்றுதான் பெயர். ஒரு தேசபக்த சரித்திர நாவலில், எதிரி உளவாளியின் ரசனைக்கு ஒரு பாகம்.

சிறையெடுக்கப்பட்ட சிவகாமி வாதாபியின் நாற்சந்தியில் ஆடுகிறாள். அவள் ஆடாவிட்டால் பிடித்துவந்த தமிழ்நாட்டு ஜனங்களுக்குச் சாட்டையடி. ஆடினால் அடி நிற்கும். தமிழில் கலையைப் பற்றி எழுதப்பட்ட கொடூரமான காட்சிகளில் இதுவும் ஒன்று. அதை ஒரு ஜனரஞ்சக வார இதழ் நடுப்பக்கத்தில், விளம்பரங்களுக்கு இடையில் வைத்து ஜனங்கள் படித்திருக்கிறார்கள். மாமல்லர் இந்த நகரை எரிக்கிற வரை நான் நகரமாட்டேன் என்று அவள் சபதம் எடுப்பது அந்த அவமானத்திலிருந்துதான். அவர் வர ஒன்பது வருஷம் ஆகிறது.

(புலிகேசிக்குக் கலை தெரியாது என்று கல்கி காட்டுவது அநியாயம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவனுடைய சித்தப்பா மங்களேசன் 578-இல் எடுத்த பாதாமி மூன்றாம் குகையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். புலிகேசியின் அவைக்கவி ரவிகீர்த்தி 634-இல் ஐஹொளெயில் வெட்டிவைத்த கவிதையில் தன்னைக் காளிதாசனோடு ஒப்பிட்டுக்கொள்கிறான். 642 வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்ததும் அங்கேயே பாறையில் தன் கல்வெட்டைப் பொறித்ததும் நிஜம். அந்தக் கல்வெட்டில் சிவகாமி கிடையாது. அவள் முழுக்கக் கற்பனை.)

இந்தக் கற்பனைப் பெண் ஏன் 1944-இல் பிறந்தாள்? இங்கேதான் நாவல் ஏழாம் நூற்றாண்டைவிட்டு 20-ஆம் நூற்றாண்டுக்கு வருகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை சட்டசபைக்குப் போனதிலிருந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1929-இல் வந்த சட்டத்திருத்தம், கோயில் ஊழியத்தைக் கட்டாயமாக வைத்திருந்த மானிய நிலங்களை அந்தப் பெண்கள் பெயருக்கே மாற்ற வழி செய்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா பல வருஷம் இழுத்தது. இன்னொரு பக்கம் வக்கீல் இ. கிருஷ்ணய்யர், ஆட்டத்தைக் காப்பாற்றவேண்டும் என்று தானே பெண்வேடம் கட்டி ஆடினார். 1930-களின் தொடக்கத்தில் இருவரும் பத்திரிகைகளில் கடிதம் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு அது சமூகக் கொடுமை, இன்னொருவருக்கு அரும்பெரும் கலை. இருவர் சொன்னதும் உண்மை, அதுதான் சிக்கல். 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர், ஆனால் அந்தக் குலத்தில் பிறக்காதவர். சதிர் என்ற பெயர் உதிர்ந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ஆட்டம் ‘கௌரவமான’ வீட்டுப் பெண்களுக்கு வந்தது. அதுவரை ஆடியவர்கள் மெல்ல மேடையிலிருந்து இறங்கினார்கள்.

கல்கி இதற்கெல்லாம் வெளியே இருந்து வேடிக்கை பார்த்தவர் இல்லை. ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் இசை, நாட்டிய விமர்சனம் எழுதியவர். 1941-இல் அவரும் சதாசிவமும் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது, மூலதனத்துக்கு உதவியது ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்து வாங்கிய சம்பளம். எம்.எஸ்., மதுரை வீணை சண்முகவடிவின் மகள். கலையையே குலத்தொழிலாகக் கொண்ட அந்தச் சமூகத்தில் பிறந்தவர். சிவகாமி ஆடிய பக்கங்கள் அச்சான இதழுக்கு முதல் போட்டது ஒரு பெண் பாடிச் சம்பாதித்த பணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாவலை முன்போல் படிக்க எனக்கு முடியவில்லை.

அதனால்தான் சிவகாமி சிற்பி மகளாக இருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஆடுகிறவள், ஆனால் தாசி குலம் இல்லை. கோயிலில் பிறந்த ஆட்டத்தை, கோயில் பெண்களை விலக்கிவிட்டுக் கனவு காண்கிற வழி அது. அந்தக் காலத்துச் சபா ரசிகரின் ஆசை முழுக்க அவள் பிறப்பில் இருக்கிறது. அதே ஆட்டத்தை உள்ளேயிருந்து எழுதிய நாவலும் அப்போது இருந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’, 1936. தாசி முறையை எதிர்த்து அந்தப் பெண்களே மாநாடு கூட்டி, மேடை ஏறிப் பேசி, மைனர்களின் மூக்கை உடைக்கிற கதை. நாவல் இலக்கணத்துக்கெல்லாம் அடங்காமல் பிரசங்கமும் நக்கலும் கலந்து ஓடுகிறது. அதில் ஆட்டத்துக்கு எந்த ஒளிவட்டமும் இல்லை. பத்து வருஷ இடைவெளியில் வந்த இந்த இரண்டு நாவலையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்றில் நாட்டியம் மட்டும்தான் தெரிகிறது, ஆடுகிறவள் வாங்கும் கூலி தெரியவில்லை. மற்றதில் கூலி மட்டும்தான் தெரிகிறது.

ஆனால் கல்கி கடைசி அத்தியாயத்தில் ஒரு காரியம் செய்கிறார். அவரே முழுக்கத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வாதாபி எரிகிறது. சிவகாமி காஞ்சிக்குத் திரும்புகிறாள். மாமல்லர் பாண்டிய ராஜகுமாரியை மணந்து பிள்ளை குட்டியோடு இருக்கிறார். அவள் ஏகாம்பரநாதர் சந்நிதிக்குப் போகிறாள். சுவாமிக்கு மாலையிட்டு, அவர் பெயரால் தாலி கட்டிக்கொண்டு ஆடுகிறாள். ராஜா வந்து பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் போய்விடுகிறார். அவ்வளவுதான். எங்கள் பெரியம்மா, பைண்டு செய்த பழைய இதழ்களில் இதைப் படித்தவர், இன்றைக்கும் ஆற்றமாட்டாமல் சொல்வார்: “ஒம்போது வருசம் காத்துக்கெடந்தா. கடைசில சாமிக்குக் கட்டி வச்சுட்டாரே இந்த மனுசன்! அந்த ராசாவுக்கு ரெண்டாந்தாரமாவாவது கட்டி வச்சிருக்கக் கூடாதா?” தொடர் முடிந்த சமயத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடியிருக்கும்.

பெரியம்மாவுக்கு அது காதல் தோல்வி. எனக்கு அந்தத் தாலிதான் கண்ணை உறுத்துகிறது. தெய்வத்தின் பெயரால் பெண்ணுக்குத் தாலி, அப்புறம் சந்நிதியில் ஆட்டம். இதற்குப் பெயர் பொட்டுக்கட்டு. குலத்தை மாற்றி, அப்பாவைச் சிற்பியாக்கி, எவ்வளவு தூரம் விலக்கிக்கொண்டு போனாரோ அந்தச் சடங்கின் வாசலிலேயே கல்கி அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆடுகிற பெண்ணை எந்த வீட்டில் வைப்பது என்று அவருடைய காலத்துக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மனைவியாக்க முடியவில்லை. தனியாக விடவும் மனசு வரவில்லை. கோயில்தான் மிச்சம்.

தொடர் முடிந்தது 1946 ஜூனில். 1947-இல் மதராஸ் தேவதாசி தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்ணைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவது குற்றம் ஆனது. அதோடு நிற்கவில்லை, கோயில் வளாகத்திலோ சுவாமி புறப்பாட்டிலோ, கும்பாரத்தியோடோ அது இல்லாமலோ, பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்றும் அதில் எழுதப்பட்டது. சிவகாமி கடைசிப் பக்கத்தில் செய்த இரண்டு காரியங்களும் ஒன்றரை வருஷத்துக்குள் தண்டனைக்குரியவை. வாசகர்கள் கண்ணீர்விட்ட அதே காட்சிக்கு நிஜ உலகில் போலீஸ் வந்திருக்கும். வந்திருக்கவும் வேண்டும், அந்த முறைக்குள் சிக்கிய சிறுமிகளின் நிலையை நினைத்தால். முத்துலட்சுமி ரெட்டி பக்கம்தான் நான். ஆனால் சட்டம் சடங்கையும் ஆட்டத்தையும் ஒரே கத்தியால் வெட்டியது. சபா மேடையில் ஆடியவர்களை அந்தக் கத்தி தொடவில்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் பஸ்ஸில் அரை மணி. விருத்தகிரீசுவரர் கோயில் கோபுர வாசலில் நுழையும்போது உள்சுவரில் அண்ணாந்து பார்த்தால் வரிசை வரிசையாகக் கரணச் சிற்பங்கள் தெரியும். சிதம்பரம் கோபுரங்களில் இன்னும் முழுமையாக, 108 கரணங்களும், சிலவற்றுக்கு மேலே நாட்டிய சாஸ்திரத்து சுலோகமும் சேர்த்து. தஞ்சைப் பெரிய கோயிலில் 81-ஐ முடித்துவிட்டு, மீதி 27 கற்களைச் செதுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அங்கே ஆடுவது சிவன். விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் ஆடுவது பெண்கள். யாரைப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள்? ஆயனருக்குச் சிவகாமி மாதிரி, இந்தச் சிற்பிகளுக்கு முன்னாலும் ஒருத்தி காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

பெயர் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. ராஜராஜன் தஞ்சைக் கோயிலைச் சுற்றித் தளிச்சேரி அமைத்து 400 பெண்களைக் குடியேற்றினான். எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, அவள் பெயர் என்ன என்று நானூறு பேருக்கும் சுவரில் வெட்டிவைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். அந்தப் பட்டியலை நின்று படிக்கிற கூட்டத்தை நான் பார்த்ததில்லை. சிவகாமியின் பெயரோ எங்கள் ஊரில் மூன்று பேருக்காவது இருக்கிறது.

1981-லிருந்து சிதம்பரத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. பல வருஷம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் அந்தப் பிராகாரத்தில் ஆடினார்கள். எல்லோரும் வேறு வேறு தொழில்களில் இருக்கிற வீட்டுப் பெண்கள். மேற்குக் கோபுரத்தின் கீழே சலங்கையைக் கட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண்ணைப் பற்றி, வருஷா வருஷம் போய்வரும் நண்பர் சொன்னார். கையில் செல்போனை வைத்துக்கொண்டு, சுவரில் இருக்கிற கரணம் ஒன்றைப் பார்த்துக் காலை அதே மாதிரி வைத்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாளாம்.